கருக்கால மது பாதிப்பும் ஆட்டிசமும்: பள்ளிப் பிள்ளைகளிடம் எது அதிகம்?

பள்ளத்தூர் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பள்ளத்தூருக்கு அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். சென்ற மாதம் கானாடுகாத்தானில் எங்கள் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்திருந்த என் சித்தி மகள், அமெரிக்காவில் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியையாக இருப்பவள், பேச்சுவாக்கில் ஒரு செய்தியைச் சொன்னாள். தாய் கருவுற்றிருக்கும்போது மது அருந்துவதால் பிள்ளைக்கு ஏற்படும் மூளை வளர்ச்சிக் குறைபாடு அங்கே பள்ளிப் பிள்ளைகளிடம் ஆட்டிசத்துக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ இருக்கிறது என்றும், ஆனால் ஆட்டிசத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்றும் அவள் கூறினாள். ஆட்டிசத்துக்கு எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்திருக்கிறது. இந்தப் பாதிப்பின் பெயரையே நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

இதை வெறும் ஆர்வத்தால் கேட்கவில்லை. என் வகுப்பில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். நன்றாகப் பேசுவான், எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வான், யார் கூப்பிட்டாலும் போய்விடுவான். ஆனால் நேற்றுச் சரியாகப் போட்ட கூட்டல் கணக்கை இன்று முதன்முறையாகப் பார்ப்பவன் போல விழிக்கிறான். கண்டித்தால் அழுகிறான், பத்து நிமிடத்தில் அதே தவறைத் திரும்பவும் செய்கிறான். அவனுடைய தந்தை தினமும் குடிப்பவர் என்பது ஊருக்கே தெரியும். நான் சித்தி மகள் சொன்னதை ஆசிரியர் அறையில் சொன்னவுடன், "அப்படியானால் இவனுக்கும் அதுதான், அப்பன் குடித்ததை மகன் அனுபவிக்கிறான்" என்று ஒருவர் முடிவே கட்டிவிட்டார். எனக்கு அது உறுத்தியது.

அவள் சொன்ன கணக்கு உண்மையா? உண்மையென்றால், நம் பக்கத்துப் பள்ளிகளுக்கும் அதே கணக்கு பொருந்துமா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

காரைக்குடி, பொதுச் சுகாதாரம் படித்தவர்

வணக்கம் டீச்சர். உங்கள் சித்தி மகள் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்த ஆதாரத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் நான்கு வெவ்வேறு வட்டாரங்களில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. அந்தப் பள்ளிகளில் இருந்த 13,146 பிள்ளைகளில் 6,639 பேரைத் தேர்ந்தெடுத்து உயரம், எடை, தலைச்சுற்றளவு, முக அமைப்பு, கற்றல் திறன், நடத்தை ஆகியவற்றைப் படிப்படியாகச் சோதித்து, தாய்மாரிடமும் கருவுற்ற காலப் பழக்கங்களைக் கேட்டறிந்தார்கள். 222 பிள்ளைகளிடம் கருக்கால மது பாதிப்பு கண்டறியப்பட்டது. அந்த 222 பேரில் இருவருக்கு மட்டுமே அதற்கு முன்பு அந்தப் பாதிப்பு இருப்பதாக மருத்துவர் யாராவது சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் "கவனமில்லாதவன்", "அடங்காதவள்", "மந்தம்" என்ற பெயர்களோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். என்னைப் பொறுத்தவரை அந்த ஆய்வு முழுவதிலும் மனத்தை மிகவும் உலுக்குகிற எண் இதுதான்.

விகிதம் என்று பார்த்தால், சோதிக்கப்படாத பிள்ளைகளில் ஒருவருக்குக்கூடப் பாதிப்பு இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட மிகக் கறாரான கணக்கில், வட்டாரத்தைப் பொறுத்து 100-க்கு 1.1 முதல் 5 வரை வந்தது. சோதிக்கப்படாதவர்களிடமும் அதே அளவில் பாதிப்பு இருக்கும் என்று எடுத்துக்கொண்டால் 3.1 முதல் 9.9 வரை உயர்ந்தது. அதே 2018-இல் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எட்டு வயதுப் பிள்ளைகளில் 59 பேருக்கு ஒருவர், அதாவது 100-க்கு ஏறத்தாழ 1.7 பேர், ஆட்டிசம் உடையவர் என்று அறிவித்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் "ஆட்டிசத்துக்குச் சமம் அல்லது அதைவிட அதிகம்" என்ற பேச்சு பரவியது. கறாரான கணக்கின் கீழ் எல்லையை எடுத்தால் அது ஆட்டிசத்தைவிடக் குறைவு என்பதையும், 2025-இல் வந்த புதிய அறிக்கையில் ஆட்டிசத்தின் எண் 31 பேருக்கு ஒருவர் என்று ஏறிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே "அதிகம்" என்று அடித்துச் சொல்வதைவிட, இரண்டும் ஒரே அளவுத் தட்டில் இருப்பவை என்று சொல்வதே நேர்மையானது.

அதைவிட முக்கியமான வேறுபாடு எண்ணிய முறையில் இருக்கிறது. ஆட்டிசக் கணக்கு பெரும்பாலும் பள்ளி, மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டிப் போடப்படுவது. ஏற்கெனவே யாரோ கவனித்து எழுதி வைத்த பிள்ளைகளே அதில் வருவார்கள். மது பாதிப்பின் கணக்கோ வகுப்பறைக்குள் நேரில் போய்த் தேடி எடுத்தது. பதிவேட்டை மட்டும் புரட்டியிருந்தால் 222-க்குப் பதிலாக 2 என்றுதான் வந்திருக்கும். ஆட்டிசத்தையும் நேரில் போய்த் தேடினால் எண் உயரத்தான் செய்யும். தென் கொரியாவின் கோயாங் நகரில் 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளை அப்படித் தேடி 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 100-க்கு 2.64 என்று வந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சாதாரணப் பள்ளிகளில் எந்த அடையாளமும் உதவியும் இல்லாமல் படித்துக்கொண்டிருந்தவர்கள். ஊருணியில் மேலே மிதக்கும் இலையை எண்ணுவதும் உள்ளே இறங்கித் துழாவி எண்ணுவதும் ஒன்றாகாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அமெரிக்கக் கணக்கு இங்கே பொருந்தாது. இந்தப் பாதிப்பு எந்த ஊரில் எவ்வளவு என்பது அந்த ஊரில் கருவுற்ற பெண்கள் எவ்வளவு மது அருந்துகிறார்கள் என்பதையே சார்ந்தது. 2017-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு 1,000 பிள்ளைகளுக்கு 7.7 பேர் என்றது. அதே மதிப்பீட்டில் தென் ஆப்பிரிக்காவின் எண் 1,000-க்கு 111 என்றும், மது மிக அரிதான மேற்காசிய நாடுகள் அடங்கிய வட்டாரத்தின் எண் 0.1 என்றும் இருந்தன. தென் ஆப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் திராட்சைத் தோட்டக் கூலிகளுக்குக் கூலியின் ஒரு பகுதியாகவே மதுவைக் கொடுத்துவந்த பழக்கம் தலைமுறைகளாக விட்டுச்சென்ற விளைவு அந்த 111-க்குள் இருக்கிறது. நம் நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ 19 விழுக்காட்டினர் மது அருந்துகிறார்கள், பெண்களில் 1.3 விழுக்காட்டினர். அருணாசலப் பிரதேசத்தில் பெண்களின் எண்ணே 24 விழுக்காடு என்பதால் இந்தியா முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் சிவகங்கை மாவட்டத்து வகுப்பறை ஒன்றில் ஆட்டிசமே மது பாதிப்பைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும் என்று கருதுவதே நியாயம்.

கடைசியாக உங்கள் ஆசிரியர் அறையில் நடந்த பேச்சு. தந்தை குடிப்பதால் பிள்ளைக்கு இந்தப் பாதிப்பு வந்துவிட்டதாகச் சொல்வது தவறு. தாயின் இரத்தத்தில் உள்ள மது நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகிறது. அதைச் சிதைக்கும் ஆற்றல் கருவின் கல்லீரலுக்குப் போதாது. உருவாகிக்கொண்டிருக்கும் மூளை அணுக்கள் அழிகின்றன, அல்லது இடம் மாறி அமைகின்றன. நோயறியும் விதிகள் எல்லாம் தாயின் கருக்கால அருந்துதலையே கேட்கின்றன. தந்தையின் மதுப் பழக்கம் விந்தணு வழியாகக் கருவைப் பாதிக்கிறதா என்று எலிகளிடம் ஆய்வுகள் நடக்கின்றன என்றாலும், அதை வைத்து ஒரு பையனுக்குப் பெயர் சூட்ட முடியாது. குடிக்கிற தந்தையால் அந்த வீட்டில் உறக்கம், உணவு, அமைதி ஆகியவை கெடுவதும் படிப்பைப் பாதிக்கும். ஆனால் அது வேறு துன்பம், அதற்கு வேறு உதவி.

தேவகோட்டை, சிறப்புப் பயிற்றுநர்

மேலே ஐயா எழுதியவற்றோடு வகுப்பறைப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக வட்டார வள மையத்தின் வழியாகப் பள்ளி பள்ளியாகப் போய்வருகிறேன். ஆட்டிசம் என்று எழுதப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கருக்கால மது பாதிப்பு என்று எழுதப்பட்ட சான்றிதழ் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அப்படி எழுதுவதற்கு நம் படிவத்தில் இடமும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் இருக்கிறது, அறிவுத்திறன் குறைபாடு இருக்கிறது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. மது பாதிப்பு தனிப் பெயராக இல்லை. அத்தகைய பிள்ளை ஒன்று இருந்தாலும் வேறு ஏதாவது ஒரு பெயரின் கீழ்தான் அடையாள அட்டை பெற முடியும். எனவே பதிவேட்டில் இல்லாததை வைத்து ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்பவர்களுக்கு: ஆட்டிசம் உடைய பிள்ளையிடம் மற்றவரோடு கொடுக்கல் வாங்கலாகப் பழகுவதிலேயே தொடக்கத்திலிருந்து வேறுபாடு தெரியும்; பேச்சு தாமதமாகலாம், சொன்னதையே சொல்லலாம், ஒரே செயலையோ ஒழுங்கையோ விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளலாம், ஒலியும் வெளிச்சமும் தொடுதலும் தாங்க முடியாமல் போகலாம். மது பாதிப்புடைய பிள்ளைகள் பலர் இதற்கு நேர்மாறாக வலியப் பழகுபவர்கள், சரளமாகப் பேசுபவர்கள். பேச்சைக் கேட்டு இவன் கெட்டிக்காரன் என்று நினைப்போம். ஆனால் நினைவு நிற்காது, கணக்கு வராது, இன்றைய தவறிலிருந்து நாளைக்குப் பாடம் எடுத்துக்கொள்ளத் தெரியாது, ஆபத்து எது என்று உணரத் தெரியாது. சிறிய கண் பிளவு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே பள்ளமில்லாத சமதளம், மெல்லிய மேலுதடு என்ற முக அடையாளங்களை எல்லோரும் நூலிலிருந்து மேற்கோள் காட்டுவார்கள். ஐயா குறிப்பிட்ட ஆய்விலேயே 222 பேரில் 27 பேருக்குத்தான் எல்லா அடையாளங்களும் கூடிய முழு வடிவம் இருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று எந்த ஆசிரியரும் நினைக்க வேண்டாம்.

டீச்சர், நீங்கள் எழுதிய பையனின் குணங்கள் இரண்டாவது வகையோடு ஒத்துப்போவது போலத் தோன்றும். நானும் படிக்கும்போது அப்படித்தான் நினைத்தேன், பிறகு என்னை நானே நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் அதே குணங்கள் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், பிறந்தவுடன் அழாமல் மூச்சுத் திணறிய பிள்ளைக்கும், கவனக் குறைபாடு உள்ள பிள்ளைக்கும், கடுமையான இரத்தசோகை உள்ள பிள்ளைக்கும், பாதி காது கேட்கிற பிள்ளைக்கும் உண்டு. நம் நாட்டில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ எட்டில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருந்தது. காரணங்களாக வெளிப்பட்டவை பிறந்தவுடன் அழத் தாமதமானது, பச்சிளம் பருவ நோய், எடைக்குறைவு, குறைமாதப் பிறப்பு, மூளைத் தொற்று, மருத்துவமனைக்கு வெளியே நடந்த பேறு போன்றவை. நம் பிள்ளைகளிடம் முதலில் தேட வேண்டியவை இவைதான்.

கோட்டையூர் அம்மா

என் மகளுக்குப் பதினொரு வயது, ஆட்டிசம் உண்டு. இந்த உரையாடலைப் படிக்கும்போது ஓர் அச்சம் வந்தது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஆட்டிசத்துக்குத் தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று மேலைநாட்டு மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். 1964-இல் பெர்னார்டு ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரும் ஆட்டிசம் உடைய பிள்ளையின் தந்தை, அது உடல் சார்ந்த காரணத்தால் வருவது என்று வாதாடி எழுதிய பிறகுதான் அந்தப் பழி மெல்ல விலகத் தொடங்கியது. இங்கே இன்றும் முழுதாக விலகவில்லை. என் மாமியார் வீட்டில் நான் கேட்காத கேள்வி இல்லை. இரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பேசும்போது, "அதற்குக் காரணம் தாய் குடித்தது" என்ற வரியை யாராவது ஒருவர் எங்கள் பக்கமும் இழுத்துவிடுவார்கள். ஆட்டிசத்துக்கு மது காரணம் என்று யாரும் நிறுவவில்லை என்பதை எழுதுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் தெளிவாக எழுதுங்கள்.

இன்னொன்று. எண் பெரியது எது என்று ஒப்பிடுவதால் எந்தப் பிள்ளைக்கும் பயிற்சி வகுப்பு கூடுதலாகக் கிடைக்கப் போவதில்லை என்பது என் எண்ணம்.

காரைக்குடி, பொதுச் சுகாதாரம் படித்தவர்

அம்மா, முதல் பகுதியை முழுமையாக ஏற்கிறேன். நான் எழுதியபோதே அதைச் சொல்லியிருக்க வேண்டும், விடுபட்டது என் தவறு. இரண்டும் தனித்தனி நிலைகள். ஒரே பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு, அவ்வளவுதான்.

இரண்டாவதில் மட்டும் சற்று வேறுபடுகிறேன். ஒப்பீட்டுக்குப் பயன் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆட்டிசம் 150 பேருக்கு ஒருவர் என்று எண்ணியதும், அந்த எண்ணை இரண்டாண்டுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப எண்ணி வெளியிட்டதும்தான் பள்ளிகளையும் அரசையும் அசைத்தன. மது பாதிப்பை அப்படி யாரும் தொடர்ந்து எண்ணவில்லை. நான்ஸ் நகரில் லெமுவான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1968-இலேயே 127 பிள்ளைகளைப் பற்றி எழுதினார், அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1973-இல் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் இருவரும் பெயர் வைத்த பிறகுதான் கவனம் வந்தது. எண்ணாத பிள்ளைக்கு ஆசிரியரும் வருவதில்லை, நிதியும் வருவதில்லை. உங்கள் மகளுக்குக் கிடைத்த கொஞ்ச உதவியும் யாரோ எண்ணியதால் வந்தது.

திருப்பத்தூர் பக்கம், ஓய்வுபெற்ற கிராமச் சுகாதாரச் செவிலியர்

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் படித்தவர்கள். நான் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவு செய்தவள். ஆகையால் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்: நாங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. எடை பார்ப்போம், இரத்த அழுத்தம் பார்ப்போம், இரும்புச் சத்து மாத்திரை கொடுப்போம், முந்தைய பிரசவம் எப்படி என்று கேட்போம். "நீ குடிப்பாயா அம்மா" என்று ஒரு செட்டிநாட்டுப் பெண்ணிடம் கேட்க என் வாய் வராது. கேட்டிருந்தால் அந்த வீட்டு ஆச்சி என்னை மறுபடி முகப்புக்குள் விட்டிருக்க மாட்டார். கேட்காததால் பதில் இல்லை, பதில் இல்லாததால் அப்படி ஒன்றுமே இல்லை என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

பெரும்பாலும் உண்மையிலேயே இல்லைதான். ஆனால் என் பணிக்காலத்தில் மூன்று பேரை எனக்குத் தெரியும். இருவர் சித்தாள் வேலைக்குப் போனவர்கள், மாலையில் உடம்பு வலிக்கு என்று கணவரோடு சேர்ந்து அருந்தியவர்கள். மூன்றாமவர் வசதியான வீட்டுப் பெண், கணவர் வெளிநாட்டில், உறக்கம் வராமல் பழகியது. அந்த மூவரில் இருவருக்கு இரண்டு மாதம் தள்ளிப்போகும் வரை கருவுற்றிருப்பதே தெரியாது. தெரிந்தவுடன் நிறுத்தினார்கள், ஆனால் அதற்குள் நாட்கள் கழிந்துவிட்டன. அவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்திவிட்டால் நான்காவது பெண் வாயைத் திறக்கவே மாட்டாள்.

அரிஷ்டம் பற்றியும் ஒரு சொல். பிள்ளை பெற்றவளுக்குத் தசமூலாரிஷ்டம் கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம். அது பேறுகாலத்துக்குப் பின். அரிஷ்டங்களும் ஆசவங்களும் புளிக்கவைத்துச் செய்பவை, அவற்றுக்குள் தானாகவே மதுச்சாரம் உண்டாகும். பசி எடுக்கவில்லை என்று கர்ப்பிணிக்குக் கடையில் கேட்டு வாங்கி ஊற்றிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். வைத்தியரைக் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம். கருவுற்ற காலத்தில் இவ்வளவு அருந்தினால் பாதகமில்லை என்று எந்த அளவும் வகுக்கப்படவில்லை. மருந்துக் கடைச் சீசாவுக்கும் அது பொருந்தும்.

டீச்சர், அந்தப் பையனின் அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள். அது மருத்துவர் தனியாக, கதவை மூடிக்கொண்டு, எல்லாப் பெண்களிடமும் கேட்பது போலக் கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் கேட்டால் அன்று மாலைக்குள் தெரு முழுவதும் தெரியும்.

பள்ளத்தூர் ஆசிரியை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். செவிலியர் அம்மா சொன்னபடி அந்தக் கேள்வியை நான் தொடவே இல்லை. பையனின் அம்மாவிடம் பிறந்த விவரத்தை மட்டும் கேட்டேன். தாய் சேய் நல அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார். எட்டாம் மாதத்தில் பிறந்தவன், எடை 1.7 கிலோ, பிறந்தவுடன் அழவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. ஆசிரியர் அறையில் முடிவு கட்டியவரிடம் அந்த அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தான் அப்படிச் சொன்னதை மற்ற ஆசிரியர்களிடம் திருத்திச் சொல்லிவிடுவதாகக் கூறினார்.

பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவிடம் அவனைக் காட்டினோம். காதுச் சோதனைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்து, மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்; அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், நானும் உடன் போகிறேன். சிறப்புப் பயிற்றுநர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு நாள் கற்றது மறுநாள் மறந்துபோகிற பிள்ளைக்குக் கூட்டலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எழுதுங்கள். புளியங்கொட்டை வைத்து முயன்றுகொண்டிருக்கிறேன், மூன்று நாளாக ஐந்து வரை நிற்கிறது.

தேவகோட்டை, சிறப்புப் பயிற்றுநர்

மூன்று நாள் நின்றது என்றால் புளியங்கொட்டையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே கொட்டைகளோடு தொடங்குங்கள். ஐந்து வரை அவன் தானாகச் செய்து முடித்த பிறகுதான் ஆறாவதை எடுத்து வையுங்கள். ஒரு முறைக்கு ஒரு கட்டளை மட்டும் சொல்லுங்கள். "நோட்டை எடுத்து, தேதி எழுதி, கணக்கைப் போடு" என்று சேர்த்துச் சொன்னால் முதலாவது மட்டுமே அவனிடம் போய்ச் சேரும். செய்ய வேண்டியதைப் படமாக வரைந்து அவன் பலகையிலேயே ஒட்டிவிடுங்கள். மையத்தில் என்ன பெயர் எழுதிக் கொடுத்தாலும் இந்த முறை மாறப்போவதில்லை. வியாழக்கிழமை கானாடுகாத்தான் பள்ளிக்கு வருகிறேன். மதியம் இரண்டு மணிக்கு உங்கள் வகுப்புக்கும் வந்து அவனோடு அரை மணி நேரம் உட்காருகிறேன்.